‘அமெச்சூர்’ என்றால் ஓசியா? நாடகக்காரர்களின் கேள்விகளுக்கு ஒரு வக்கீலின் பதில்கள்

நாடகக் குழு நடத்துபவர்கள் தங்கள் சட்டச் சந்தேகங்களைக் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி எழுதிவைத்தேன். பாகப்பிரிவினைக் கேள்விகளையே தோற்கடிக்கிற அளவுக்குக் கடிதங்கள் வந்துவிட்டன. கறுப்புக் கோட்டு போடுவதற்கு முன்னால் பதினொரு வருடம் ஒரு சபா நாடகக் குழுவில் கணக்கு எழுதியவன் நான். வேன் வாடகை, மேக்கப்காரர் பேட்டா, மூன்றாவது சீனில் போட வேண்டிய பூமாலை வரை என் நோட்டில்தான் ஏறும். ஆகவே பதில்களில் சட்டத்தோடு கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழு 1986 முதல் ஒரே நகைச்சுவை நாடகத்தை இருநூறு தடவைக்கு மேல் போட்டிருக்கிறது. எழுதியவர் எங்கள் குழுவிலேயே நடித்தவர், 2011-ல் காலமாகிவிட்டார். இப்போது அவர் மகன், “அப்பா நாடகத்தைப் போடணும்னா ஒவ்வொரு ஷோவுக்கும் பணம் கொடுங்க” என்கிறார். செட் செலவு எங்களுடையது. பாதி ஜோக் ஒத்திகையில் நாங்கள் சேர்த்தது. நாடகம் குழுவின் சொத்து இல்லையா, சார்?
— ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

இல்லை. செட் உங்கள் சொத்து. திரைச்சீலை உங்கள் சொத்து. நாடகம் எழுதியவருடையது, இப்போது அவருடைய வாரிசுகளுடையது.

1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எழுதிக் கொடுத்தால்தான் முதலாளிக்கு உரிமை போகும். உங்கள் நண்பர் ஆபீஸ் விட்டு வந்து, சொந்தப் பேனாவில், உங்கள் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு எழுதியவர். காபி சம்பளம் ஆகாது. எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்ததற்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடமும் உரிமை நீடிக்கும். உங்கள் நண்பர் விஷயத்தில் 2071 முடியும்வரை.

ஒத்திகையில் சேர்த்த ஜோக்குகளை வைத்து ‘நாங்களும் கூட்டு ஆசிரியர்கள்’ என்று வாதாடலாம்தான். ஆனால் எந்த ஜோக் யாருடையது என்று நாற்பது வருடம் கழித்து நிரூபிப்பது குதிரைக் கொம்பு. ‘நான் சொன்னது’, ‘இல்லை, நான் சொன்னது’ என்று நடிகர்கள் கோர்ட்டில் அடித்துக்கொண்டால், அது உங்கள் நாடகத்தைவிட நன்றாக ஓடும்.

இதே மாதிரி ஒரு வழக்கு என்னிடம் வந்தது. குழுத் தலைவர் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். உள்ளே நாடகப் பிரதி: நாற்பது பக்க நோட்டு நான்கு, ஓரமெல்லாம் ரோஸ் பவுடர் கறை. மூன்றாவது நோட்டுக்குள் மடித்து வைத்த ஓர் இன்லண்ட் லெட்டர். எழுத்தாளர் வேலை மாற்றலாகி வடக்கே போனபோது போட்டது: “நம்ம நாடகத்தைத் தாராளமாப் போட்டுக்கோ. ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுண்டிருக்காதே.” தலைவர் அதைப் பட்டா மாதிரி மேஜைமேல் வைத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே கேள்வி கேட்டார்: “எத்தனை வருஷத்துக்குன்னு இருக்கா? எந்தெந்த ஊர்ல போடலாம்னு இருக்கா?” இரண்டும் இல்லை. எழுத்துமூலம் உரிமை கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் தானாகவே நிரப்பிக்கொள்ளும். அந்த இன்லண்ட் லெட்டருக்கு உயிர் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. கடைசியில் ஷோவுக்கு இவ்வளவு, பேனரில் அப்பா பெயர் இந்த அளவு எழுத்தில் என்று பேசி முடித்தோம். பணத்தைவிட எழுத்தின் அளவுக்குத்தான் பேச்சுவார்த்தை நீண்டது.

மகனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். எந்த நாடகம், எத்தனை வருடம், எந்தெந்த ஊர், ஷோவுக்கு எவ்வளவு, எப்போது தர வேண்டும். வீடியோ உரிமை தனி என்று ஒரு வரி. தொகை இவ்வளவுதான் என்று சட்டம் ஏதும் நிர்ணயிக்கவில்லை. சபா தருவதில் இத்தனை சதவீதம் என்று வைப்பது இரண்டு பேருக்கும் நியாயம் என்பது என் அபிப்பிராயம். நிலையான தொகை என்றால் கூட்டம் வராத ஊரில் நீங்கள் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். இன்னொன்று: உயில் இல்லாவிட்டால் மகன் ஒருவர் கையெழுத்து போதாது. அம்மா, அக்கா, தங்கை எல்லாரும் போட வேண்டும். ராயல்டி என்று பேச்சு எடுத்த பிறகு அக்கா எங்கிருந்தோ வந்துவிடுவார்.

எங்கள் அடுக்ககத்தில் பொங்கல் விழாவுக்கு ஒரு பிரபல நாடகத்தைக் குடியிருப்பவர்களே சேர்ந்து போட ஆசை. டிக்கெட் கிடையாது. நாங்கள் அமெச்சூர்தானே, அனுமதி வேண்டுமா?
— ஒரு வாசகி, மடிப்பாக்கம்

‘அமெச்சூர்’ என்ற சொல் உங்களுக்கு நிஜமாகவே உதவுகிற இடம் இதுதான், அம்மா. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில், அமெச்சூர் குழு அல்லது சங்கம் காசு கொடுக்காத பார்வையாளர்களுக்கு முன்போ, ஒரு மத நிறுவனத்தின் நலனுக்காகவோ நாடகம் நடித்தால் அது உரிமை மீறல் ஆகாது என்று இருக்கிறது. பள்ளி, கல்லூரிகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் நடித்து, நிறுவனத்தோடு சம்பந்தப்பட்டவர்களும் பெற்றோரும் மட்டும் பார்த்தால் அதற்கும் தனி விலக்கு உண்டு.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த் 1997-ல் மறைந்த பிறகு, அவர் வடிவமைத்த யக்ஷகான நடன நாடகங்களை யார் போடலாம் என்று ஒரு வழக்கு கிளம்பி உச்ச நீதிமன்றம் வரை போனது. உயில்மூலம் உரிமை பெற்றவர் பக்கம் தடையாணை நின்றது. ஆனாலும் இந்த 52-வது பிரிவு தருகிற விலக்குகளை எதிர்த்தரப்பு பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 2009-ல் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

ஆனால் உங்கள் செயலாளர் கடைசி வாரத்தில் ஒரு யோசனை சொல்வார், எனக்குத் தெரியும்: “டிக்கெட் வேண்டாம், நன்கொடை பாஸ் 200 ரூபாய்னு போட்டுடலாம்.” அப்படிப் போட்ட நிமிடமே விலக்கு போயிற்று. பேர் மாறினாலும் காசு காசுதான்.

அனுமதித் தலைவலியே வேண்டாம் என்றால் பழைய நாடகத்தை எடுங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தவர், அவர் நாடகங்கள் எப்போதோ பொதுச் சொத்து. பம்மல் சம்பந்த முதலியார் மறைந்தது 1964-ல். 60 வருடக் கணக்கு 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அவரும் எங்கள் ஜாதிதான்: வக்கீல், பிறகு நீதிபதி. 1891-ல் சுகுண விலாச சபையை ஆரம்பித்து, படித்தவர்களும் கௌரவமாக மேடை ஏறலாம் என்று காட்டியவர். அவர் நாடகங்களில் சிரிக்க நிறைய இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: மூலம் பொதுச் சொத்தாக இருந்தாலும், போன வருடம் யாரோ ஒருவர் சுருக்கி, நவீனமாக்கி எழுதிய பிரதிக்கு அவருக்கு உரிமை உண்டு. பழைய பதிப்பையே பிடியுங்கள்.

எங்கள் நாடகத்தில் அரசியல் கிண்டல் இருக்கிறது. ஸ்கிரிப்டைப் போலீஸ் கமிஷனரிடம் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும் என்று ஹால்காரர் சொல்கிறார். உண்மையா?
— கல்லூரி மாணவர், கோவை

உங்கள் ஹால்காரருக்கு என் வயது இருக்கும் போலிருக்கிறது. எங்கள் காலத்தில் அது உண்மை. பிரதியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருப்போம். ஒரு தடவை, வாசித்துப் பார்த்த ஏட்டையா இரண்டாவது சீனில் சிரித்துவிட்டார். சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டு, “இதுல யாரையும் குறிப்பிடலையே?” என்று கேட்டார். எங்களுக்குக் கிடைத்த முதல் விமரிசனம் அதுதான்.

வங்காளத்து நாடகங்கள் வெள்ளைக்கார அரசைக் கிண்டலடித்ததால் 1876-ல் நாடகச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் போன பிறகு, 1954-ல் சென்னை மாநிலம் தனக்கென்று ஒன்று போட்டுக்கொண்டது. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் ஆட்சியாளர்களுக்கு எரிச்சல் மூட்டிக்கொண்டிருந்த காலம் அது. இந்த மாநிலச் சட்டத்தை எதிர்த்து, பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய பத்திரிகையாளர் ஞாநி வழக்குப் போட்டார். 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சொல்லிச் செல்லாதவை ஆக்கியது. 1876 சட்டத்தையும் நாடாளுமன்றம் பிற்பாடு நீக்கிவிட்டது. முன்கூட்டியே ஸ்கிரிப்டைக் காட்டி முத்திரை வாங்கும் வேலை இனி இல்லை. தீர்ப்பின் நகலை எடுத்துப் போய் ஹால்காரரிடம் பணிவாகக் கொடுங்கள்.

அதற்காக எதுவும் பேசலாம் என்று அர்த்தமில்லை. அவதூறும், மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதும் இன்றைக்கும் குற்றம். நாடகம் முடிந்த பிறகு வழக்கு வரலாம். திறந்தவெளியில் போடுகிறீர்கள் என்றால் ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் கூடாது. மூடிய அரங்கத்துக்குள் இந்தப் பத்து மணிக் கட்டுப்பாடு இல்லை.

டிக்கெட் விலையை 500-லிருந்து 600 ஆக்கலாம் என்று நினைக்கிறோம். ஆடிட்டர் வேண்டாம் என்கிறார். நூறு ரூபாய் லாபத்தை ஏன் விட வேண்டும்?
— தயாரிப்பாளர், அடையாறு

ஆடிட்டர் பேச்சைக் கேளுங்கள். நாடக நுழைவுச் சீட்டு ஒரு நபருக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. 2018 ஜனவரிக்கு முன்னால் இந்த வரம்பு 250-ஆக இருந்தது. அதைத் தாண்டினால் 18 சதவீதம், தாண்டிய நூறுக்கு மட்டுமில்லை, முழு விலைக்கும். வரியையும் உள்ளடக்கி 600 என்று அச்சடித்தால் அரசுக்கு 91 ரூபாய் 53 காசு போய், உங்கள் கைக்கு 508 ரூபாய் 47 காசு வரும். எட்டே முக்கால் ரூபாய்கூட இல்லாத லாபத்துக்கு, “என்னப்பா, நாடகத்துக்கு அறுநூறா?” என்ற பேச்சை வாசலில் நின்று கேட்க வேண்டும்.

இது ஜிஎஸ்டியில் பதிவானவர்களுக்கான கணக்கு. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற சின்னக் குழு பதிவு செய்ய வேண்டிய அவசியமே பொதுவாக வராது. ஆனால் அந்த 20 லட்சத்தைக் கணக்கிடும்போது பலரும் விளம்பரதாரர் பணத்தை மறந்துவிடுகிறார்கள். நகைக் கடை பேனருக்குத் தந்த தொகையும், ஆரம்பத்தில் “இந்த நாடகத்தை வழங்குவோர்” என்று சொன்னதற்குத் தந்ததும் நன்கொடை அல்ல, நீங்கள் விற்ற சேவை. அதுவும் சேரும்.

தெருக்கூத்து மாதிரி நாட்டுப்புற, செவ்வியல் கலை நிகழ்த்தும் கலைஞர்களுக்கு, ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை வாங்கும் சம்பளத்துக்குத் தனி விலக்கு இருக்கிறது. மாமியார் மருமகள் காமெடியைச் செவ்வியல் என்று சொல்லி அதில் நுழைய முயலாதீர்கள்.

ஒரு சபாவில் தேதி கொடுத்திருந்தார்கள். ஷோவுக்கு இரண்டு நாள் முன்பு “கேன்சல்” என்று வாட்ஸ்அப். வேன், சவுண்ட், லைட், வெளியூரிலிருந்து வரும் நடிகைக்கு ரயில் டிக்கெட் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் போச்சு. ஒப்பந்தம் எதுவும் இல்லை. வழக்குப் போடலாமா?
— ஒரு குழுவின் செயலாளர், திருச்சி

போடலாம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், வாட்ஸ்அப் செய்தியும் சாட்சியம்தான், உரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தை மீறியதால் நேரடியாக வந்த நஷ்டத்தைக் கேட்கும் உரிமை 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ரசீதுகளை வைத்திருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது வேறு: “வழக்குப் போட நீங்கள் யார்?” நாலு நண்பர்கள் லாபத்தைப் பங்கிட்டு நடத்தும் குழு, சட்டத்தின் பார்வையில் கூட்டு வணிகம், அதாவது பார்ட்னர்ஷிப், ஆகிவிடக்கூடும். பதிவு செய்யாத கூட்டு வணிகம் ஒப்பந்தத்தை வைத்து வெளியார்மேல் வழக்குத் தொடர முடியாது. லாபம் பங்கிடாத குழு என்றால் ஏழு பேர் சேர்ந்து 1975-ம் வருடத்துத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்யும் தொல்லை உண்டு. செய்யாமல் விட்டால் அதைவிடப் பெரிய தொல்லை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. மழை பெய்து ஒழுகுகிறது என்று ஒரு சபா காலை பதினோரு மணிக்குச் சொல்லி அனுப்பியது. செட் ஏற்றிய லாரி பாதி வழியில். அன்று சாயந்திரம் நான் போய்ப் பார்த்தேன், கல்யாண ரிசப்ஷன் நடந்துகொண்டிருந்தது. ஒழுகவில்லை. சாப்பாடும் நன்றாகத்தான் இருந்தது. வழக்குப் போடவில்லை. அடுத்த தேதி கிடைக்காதே என்ற பயம். உங்களுக்கும் அதே பயம் இருக்கும், அதில் தவறில்லை. 38,000-க்காக மூன்று வருடம் அலைவதற்குப் பதில், செலவுக் கணக்கை இணைத்து ஒரு கடிதம் அனுப்பி, பாதித் தொகையும் வேறு தேதியும் கேளுங்கள். அடுத்த முறை தேதி வாங்கும்போது, எத்தனை நாளுக்குள் ரத்து செய்தால் எவ்வளவு என்று ஈமெயிலில் கேட்டு, பதிலாக ஒரு ‘சரி’யாவது வாங்கிவிடுங்கள்.

இந்த விஷயத்தில் மெட்ராஸ்காரர்களுக்கு எப்போதும் ஒரு மிதப்பு, “நாங்கள் படித்தவர்கள், பணத்துக்கு ஆடவில்லை” என்று. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் போடுகிறவர்களைப் பாருங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பஃபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடித்து, ஒரே இரவுக்கு மேடையில் சேர்க்கிறார்கள். ஒத்திகை கிடையாது, விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடக்கும். தேதி டைரியில் ஏறிவிட்டால் அது தேதி. தொழில் சுத்தம் என்றால் அது.

நான் 2019-ல் போட்ட நாடகத்தின் கதையை ஒரு டிவி தொடர் அப்படியே சுட்டுவிட்டது.
— நாடக ஆசிரியர், சேலம்

‘கதை’யா, ‘கரு’வா? டெல்லியில் 1954-ல் ஒருவர் நாடகம் போட்டார். இரண்டு வேறு மாநிலக் குடும்பங்கள், பிள்ளைகளின் காதல், பிரதேசக் குரோதம். 1956-ல் அதே மாதிரி ஓர் இந்திப் படம் வந்தது. ஆர்.ஜி. ஆனந்த் என்ற அந்த ஆசிரியர் உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் தோற்றார். கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்பது தீர்ப்பு. உங்கள் பிரதியையும் தொடரின் எபிசோடுகளையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒரே வசனம், ஒரே காட்சி வரிசை, ஒரே திருப்பம் எங்கெங்கே என்று குறித்து அனுப்புங்கள். பத்து இடம் தேறினால் பேசுவோம்.

எட்டு வயதுப் பையன் எங்கள் நாடகத்தில் நடிக்கிறான். பெற்றோர் சம்மதம் இருக்கிறது, போதுமா?
— இயக்குநர், வேளச்சேரி

போதாது. டிக்கெட் விற்கிற நிகழ்ச்சி என்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது. அவன் சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவன் பெயரிலேயே வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ஒத்திகை நேரத்தையும் இதில் சேர்த்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

எங்கள் நாடகத்தை யாரோ செல்போனில் எடுத்து யூடியூபில் போட்டுவிட்டார்கள்.
— வாசகர், புதுச்சேரி

நீக்கச் சொல்லுங்கள். உங்கள் நடிகர்களுக்கும் தங்கள் நடிப்பின்மேல் 50 வருடத்துக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நாளைக்கு நீங்களே வீடியோ எடுத்து விற்க நினைத்தாலும் அதே உரிமை குறுக்கே வரும். ஆசிரியரிடமும், ஒவ்வொரு நடிகரிடமும் எழுதி வாங்குங்கள். இடைவேளைக்கு முன்னால் ஒரு சினிமாப் பாட்டு ஓடவிட்டிருக்கிறீர்களே, அதற்கு மெட்டு, வரிகள் ஒரு பக்கம், ஒலிப்பதிவு இன்னொரு பக்கம் என்று உரிமை இரண்டு இடத்தில் இருக்கும். அதற்குப் பதில் உங்கள் ஆர்மோனியக்காரரையே நாலு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் கணக்கு எழுதிய குழு என்ன ஆயிற்று, சார்?
— பெயர் வேண்டாம், மயிலாப்பூர்

எழுத்தைப் பார்த்தால் யாரென்று தெரிகிறது. குழு நின்றுபோயிற்று, உனக்கே தெரியும். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின்படி, தஞ்சாவூர் ஷோவுக்கு வேன் டீசல் நான் கைக்காசு போட்டதில் குழு எனக்கு 2,340 ரூபாய் பாக்கி. யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை.